வென்றவன் காத்திருக்கிறான்

தீர்ப்பு என்பது யாது? மன்றத்தில் படிக்கப்பட்டு, முத்திரையிடப்பட்டு, கட்டுக்குள் அடங்கிவிடும் சொற்களா? அல்லது அச்சொற்களால் மண்ணில் விளையும் மாற்றமா? நொய்யற்கரை உழவனைக் கேளுங்கள், தோழர்களே! அவனுக்கு இது ஏட்டுக் கேள்வியன்று, வயிற்றுக் கேள்வி.

வெள்ளியங்கிரி மலையிலே பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, காவிரியில் கலக்கும் ஆறு நொய்யல். அதன் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் அணை எழுந்தது. கரூர்ப் பக்கத்து வயல்களுக்குப் பாசனம் என்றார்கள். தேங்கியதோ சாயப்பட்டறைகளின் உப்பும் சாயமும் கலந்த கழிவு! அணை நீரைத் திறந்துவிடுங்கள் என்று உழவர் போராடுவதுண்டு. திறக்காதீர்கள் என்று உழவரே கெஞ்சிய விந்தை இங்கே நடந்தது. கிணறுகள் உவர்த்தன. "தலைவிதி" என்றனர் ஊர்ப் பெரியவர் சிலர். விதியா அது? விதிக்குச் சாய்க்கடை உண்டா, கழிவுக் குழாய் உண்டா?

விதியை நம்பாமல் சட்டத்தை நம்பினர் உழவர். 1996-இல் கரூர் வட்டத்து நொய்யல் வாய்க்கால் விவசாயிகள் உயர்நீதிமன்றம் ஏறினர். 1998-இல் ஆணை பிறந்தது. கழிவு நிற்கவில்லை. 2003-இல் நொய்யல் ஆயக்கட்டுதாரர் சங்கம் மீண்டும் வழக்கிட்டது. 2006 டிசம்பர் 22-இல் சென்னை உயர்நீதிமன்றம் உரத்துப் பேசிற்று: 2007 ஜூலைக்குள் ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விழலாகாது, அதுவரை லிட்டருக்கு 6 காசு தொடங்கி 10 காசு வரை தண்டம். வென்றான் உழவன்! ஆனால் மேல்முறையீடு டெல்லிக்குச் சென்றது. 2009 அக்டோபரில் உச்சநீதிமன்றமும் அவன் பக்கமே நின்றது. நின்று, மேலும் மூன்று மாதத் தவணை தந்தது. அதுவும் கடந்தது. அவமதிப்பு வழக்குக்குப் பின், 2011 ஜனவரி 28-இல்தான் பட்டறைகளை மூடும் ஆணை வந்தது. முதல் வழக்கிலிருந்து பதினைந்து ஆண்டு! அன்று பள்ளியில் சேர்ந்த பிள்ளை பட்டம் வாங்கும் காலம்.

மேல்முறையீடு செய்வது உரிமை. தவணை கேட்பதும் உரிமை. உரிமையைப் பயன்படுத்துவது எப்படித் தவறாகும் என்று கேட்பார் உண்டு. நாம் திருப்பிக் கேட்கிறோம்: தவறு இழைக்கப்படாதிருக்க ஏற்பட்ட கருவியை, இழைத்த தவற்றை நீட்டிப்பதற்கென்றே ஒருவன் எடுத்தால், அவன் கையிலிருப்பது உரிமையா, ஆயுதமா? மேல்முறையீடு செய்ததனாலேயே தீர்ப்பு நின்றுவிடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டமே, 41-ஆம் கட்டளையின் 5-ஆம் விதியில், கூறுகிறது. தடையாணை தனியே கேட்டுப் பெறவேண்டியது; தக்க காரணம் காட்டவேண்டியது. நடைமுறையிலோ விதிவிலக்கு விதியாகி, விதி விருந்தாளியாகிவிட்டது.

இது நொய்யலோடு நிற்கும் நோயன்று. ஆணை பெற்ற பிறகுதான் இந்திய வழக்காளியின் தொல்லை தொடங்குகிறது என்று இலண்டன் பிரிவி கவுன்சில் சொன்னது 1872-இல்! சேலத்தில் 1986-இல் தொடுத்த நில வழக்கொன்று, மன்றங்களில் வென்றபின்னும், நிலம் கைக்கு வராமல், "நாங்கள் குத்தகைதாரர்" என்று குறுக்கே வந்தோரின் மனுக்களில் சிக்கி, 2025 மார்ச்சில்தான் உச்சநீதிமன்றத்தில் விடிவு கண்டது. நாடெங்கும் நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்தில் முடியுங்கள் என்று அம்மன்றம் அப்போது ஆணையிட்டது. அக்டோபரில் எண்ணிப் பார்த்தபோதும் 8 லட்சத்து 82 ஆயிரத்துக்கு மேல் தேங்கிக் கிடந்தன. தமிழ்நாட்டுப் பங்கு மட்டும் 86 ஆயிரத்துக்கு மேல்.

உயர்நீதிமன்ற வளாகத்திலே மனுநீதிச் சோழனுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். பசு மணியை அடித்ததாம். மன்னன் மகனையே தேர்க்காலில் இட்டானாம். அந்தக் கதையை நாம் நம்பவுமில்லை, அந்தத் தண்டனையை நீதி என்று போற்றவுமில்லை. ஆனால் மணியடித்த பசுவுக்கு வாய்தா கொடுத்ததாகக் கதை கட்டியவனுக்கும் தோன்றவில்லை!

அப்படியானால் தடையாணையையே ஒழித்துவிடலாமா? கூடாது. குடிசை இடிபடும் நாளில் ஏழைக்கும் அதுவே கடைசிக் கூரை. 2018-இல் உச்சநீதிமன்றம், தடைகள் ஆறு மாதத்தில் தாமே காலாவதியாகும் என்றது. 2024 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிற்று. மாற்றியது சரியே என்போம். நாள்காட்டி நீதி வழங்காது. வழக்கின் தன்மையைப் பார்த்து மனிதன்தான் வழங்கவேண்டும். வீணே இழுத்தவனிடம், இழுத்த நாளுக்கெல்லாம் உண்மையான செலவையும் இழப்பையும் வாங்கினால் போதும். இழுப்பதில் இலாபம் இராது. இன்றோ அபராதத்தைவிட ஆதாயம் பெரிது.

இழுத்தடிப்பால் கெட்டவன் உழவன் மட்டுமா? பதினைந்து ஆண்டில் படிப்படியாகச் சீர்செய்திருக்க வேண்டியது, 2011-இல் ஒரே ஆணையில் பூட்டாக வந்து விழுந்தது. மதுரையிலிருந்தும் தேனியிலிருந்தும் பிழைக்க வந்து சாயத்தொட்டியருகே நின்ற தொழிலாளி, அவ்வழக்கில் மனுதாரனும் அல்லன், எதிர்மனுதாரனும் அல்லன். தவணை கேட்டபோது அவனை யாரும் கேட்கவில்லை. பூட்டு விழுந்தபோது மட்டும் அவன் கூலிதான் முதலில் நின்றது.