சொல்வழி கேளாத பிள்ளைக்குத் தீர்ப்பிடுபவர் யார்?

"எங்கள் பெடியன் சொல்வழி கேளான், எதற்கும் எதிர்த்துப் பேசுகிறான்." இந்த முறைப்பாடு எழாத ஊர் உண்டா, பெற்றோரே? அப்படிப்பட்ட பிள்ளையைக் குணங்கெட்டவன் என்று ஒதுக்குவது நம்மவரின் பழைய வழக்கம். அவனுக்கு ஏதோ வருத்தம் என்று தாமே முடிவுசெய்வது புதிய வழக்கம். இரண்டிலும் வழக்காளியும் சாட்சியும் நீதிபதியும் ஒருவரே. இது நீதியாகுமா?

அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கம் 1980இல் தன் கைந்நூலில் இந்நடத்தையை ஒரு கோளாறாக முதன்முறை சேர்த்தது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பு வகுத்த அளவுகோலைப் பாருங்கள். அடிக்கடி நிதானமிழத்தல், எளிதில் எரிச்சலடைதல், கோபமும் மனக்கசப்புமாயிருத்தல், பெரியவர்களோடு வாதாடல், கட்டளையை மறுத்தல், வேண்டுமென்று பிறரைச் சீண்டல், தன் பிழையை மற்றவர்மேல் போடல், வன்மம் பாராட்டல் ஆகிய 8 அறிகுறிகளில் 4 ஆவது, 6 மாதமேனும் நிலைத்திருக்க வேண்டும். அவ்வயதுக்கு இயல்பான குழப்படியை அவை மீறியிருக்கவும் வேண்டும். உடன்பிறந்தாரோடு மட்டும் பிடிக்கும் சண்டை கணக்கில் வராது. (அண்ணனும் தம்பியும் அடிபடாத வீடும் ஒரு வீடா?)

இந்த நிபந்தனைகள் பிள்ளையின் பக்கம் நின்று பேசுகின்றன. எங்கே எதிர்க்கிறான், யாரை எதிர்க்கிறான் என்று அவை கேட்கச் செய்கின்றன. வீட்டில் மட்டும் என்றாலும் கோளாறாக இருக்கலாம். ஆயினும் வைத்தியர் அதை இலேசான வகையென்றே கணிப்பார். காது மந்தமான பிள்ளை கூப்பிட்டவுடன் வராது. எழுத்துக்கூட்டி வாசிக்க முடியாத பிள்ளை வெட்கத்தை மறைக்கக் கொப்பியை வீசும். 2009இல் முடிந்த போரை நமது சிறுவர் கண்டதில்லை. அதைக் கண்ட தகப்பனின் திடீர்க் கோபத்தை அவர்கள் நாள்தோறும் காணக்கூடும்.

அப்படியானால் பிள்ளையில் குற்றமே இல்லையா? நோயின் பெயர் எல்லாக் குற்றத்தையும் கழுவிவிடாது. ஆனால், வேண்டுமென்று செய்வது இது, தாங்கமாட்டாமல் செய்வது இது என்று 8 வயதுப் பிள்ளையிடம் கோடு கீற எனக்குத் துணிவில்லை.

இக்கோளாறுக்கென்று தனி மருந்து கிடையாது. முதன்மையான சிகிச்சை பெற்றோருக்கு அளிக்கும் பயிற்சியே. கட்டளையைச் சுருக்கமாகச் சொல்லல், கீழ்ப்படிந்ததும் உடனே பாராட்டல், சொன்ன தண்டனையைக் கோபமின்றி நிறைவேற்றல், அடியைக் கைவிடல் என்பன அதில் அடங்கும். பிள்ளையைத் திருத்த அழைத்துப் போனவர்கள், தாமே பாடம் படிக்க நேர்வது சிலருக்குக் கசக்கும்.

கிளினிக்குக்குப் போகுமுன் இரண்டு கிழமை ஒரு கொப்பியில் எழுதிவாருங்கள்: பிள்ளை கத்தியது எத்தனை மணிக்கு, அதற்குச் சற்று முன் யார் என்ன சொன்னார்கள், நீங்கள் கத்தியதும் உட்பட. வகுப்பாசிரியரிடமும் தனியாகக் கேட்டு எழுதுங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் திருத்தாமல் அப்படியே வைத்தியர் கையில் கொடுங்கள்.