உபாத்தியாயரும் ஆசாரியரும்

நாள்தோறும் நாம் ஓதும் ணமோகார மந்திரத்தில் ஐவரை வணங்குகிறோம். அருகரும் சித்தரும் நீங்கலாக எஞ்சிய மூவரும் துறவியரே. ஆயினும் சாதுவுக்கு 28, உபாத்தியாயருக்கு 25, ஆசாரியருக்கு 36 எனக் குணங்களை வேறுவேறாக வகுத்தனர் நம் ஆன்றோர். தீட்சை அளிப்பதும், பிழை செய்தார்க்குப் பிராயச்சித்தம் விதிப்பதும் ஆசாரியர் கடமை. உபாத்தியாயரோ ஆகமத்தை ஓதுவிப்பவர்; தண்டிக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. இப்பாகுபாட்டைப் பன்முறை படித்திருந்தும், அதன் நுட்பம் வீட்டுப் பேச்சொன்றின்போதுதான் எனக்கு விளங்கிற்று.

என் தங்கை மகள் சிற்றூர் ஒன்றின் ஈராசிரியர் தொடக்கப் பள்ளியில் பணியாற்றுகிறாள். தமிழக அரசு 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கிய பின், அவள் கற்பிக்கும் திறங்கண்டு, ஒன்றியத்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் கருத்தாளராக இருக்க அழைத்தனர். வீட்டார் அனைவரும் மகிழ்ந்தனர். அவள் மட்டும் மகிழவில்லை.

“பயிற்சி நாட்களில் நான் போய்விட்டால் ஐந்து வகுப்பையும் ஒருவரே பார்க்க வேண்டும், மாமா. மூன்றாம் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் இப்போதுதான் எழுத்துக் கூட்டத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களை விட்டுப் போவதும் ஒருவகை ஹிம்சைதானே?” என்றாள்.

உடனே விடைகூற இயலவில்லை. போகாதிருப்பது குற்றமற்றது என்றும் சொல்வதற்கில்லை. ஞானாவரணீய வினை வந்து சேரும் வாயில்களைத் தத்துவார்த்த சூத்திரம் எண்ணும்போது, அறிந்ததை மறைத்தலையும், பொறாமையால் பிறர்க்குச் சொல்லாதிருத்தலையும் சேர்த்தே எண்ணுகிறது. அவளிடம் பொறாமை இல்லை, உண்மையே. ஆயினும் அவள் கைவந்த முறை அவ்வகுப்பறையோடு நின்றுவிட்டால், பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு நேரும் இழப்பை யார் கணக்கில் எழுதுவது? அவ்விருவர் நம் கண்முன் இருக்கிறார்கள், மற்றவர்கள் இல்லை என்பதொன்றே வேற்றுமை.

ஓர் ஆசிரியர் மற்றோர் ஆசிரியருக்குக் கற்பிப்பதால் விளையும் பயன் சிறிதன்று. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளில் தமிழகமெங்கும் பரவியது. ரிஷிவேலி சென்று அம்முறையை நேரிற்கண்டு வந்த ஆசிரியர்கள், தம்மைப் போன்ற ஆசிரியர்களுக்குப் பயிற்றியதும் அப்பரவலுக்கு ஒரு காரணம். (பெண்ணொருவர் இப்பணிக்குத் தலைமை ஏற்பதா என்று தயங்குவோர் வந்தவாசி வட்டத்து வேடல் கல்வெட்டை நினைக்கட்டும். ஒன்பதாம் நூற்றாண்டிலேயே அங்கே கனகவீரக் குரத்தியார்க்கும் அவர்தம் மாணாக்கியர்க்கும் உணவும் காவலும் அளிக்க ஊரார் பொறுப்பேற்றனர்.)

இடர் வேறோரிடத்தில் உள்ளது. கற்பிக்கச் சென்றவர் கையில் ஒரு பதிவேட்டைக் கொடுத்து, யார் செய்தார், யார் செய்யவில்லை என்று குறித்து வரச் சொன்னால், அந்நாளிலேயே அவர் உபாத்தியாயர் நிலையினின்று நழுவி விடுகிறார். தம் குறையை அவரிடம் யாரும் மனந்திறந்து கூறார். குறையைக் கூறாதவருக்கு எதைக் கற்பிப்பது? நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் பிறர் குறையைப் பறைசாற்றாதிருக்கும் உபகூகனமும், தளர்ந்தாரை நிலைநிறுத்தும் ஸ்திதிகரணமும் அடுத்தடுத்து நிற்பதன் காரணம் இதுவே போலும். துறவில் மனம் தளர்ந்த நண்பரை வாரிஷேண முனிவர் சங்கத்தார் நடுவே நிறுத்திக் குற்றம் சாட்டவில்லை. தம் அரண்மனைக்கு அழைத்துச் சென்று, தாம் துறந்தவை எவை என்பதைக் காட்டினார். நண்பர் தாமே நாணித் திருந்தினார். தாம் செய்து முடித்ததைக் காட்டியவருக்கே அது கைகூடிற்று. உபாத்தியாயரும் முதலில் சாதுவே. சாதுவின் 28 மூலகுணங்களை விட்டுவிட்டு அவர் ஓதுவிப்பதில்லை. அவ்வாறே, வகுப்பை அறவே விட்டுவிட்ட கருத்தாளர் சில ஆண்டுகளில் பழைய நினைவிலிருந்துதான் பேச வேண்டியிருக்கும்.

மானம் என்னும் கஷாயம் புகும் வழியும் இதுவே. மேடையில் நின்று பழகிய கால் மீண்டும் தரையில் பிள்ளைகளோடு அமர மறுக்கும். நம் மரபில் ஆசாரியர் பதவியும் இறுதிவரை பிடித்துக்கொள்வதற்குரியதன்று. சல்லேகனை மேற்கொள்ளுமுன் அதைத் தக்கவரிடம் ஒப்படைத்தல் முறை. 1955-இல் குந்தலகிரியில் ஆசாரிய சாந்திசாகரர் வீரசாகர முனிவருக்கு அவ்வாறே அளித்தார். துறவோர்க்கே இவ்விதி என்றால், ஒன்றியத்துக் கருத்தாளர் பொறுப்பு மூன்றாண்டுக்கொரு முறை கைமாறுவதில் என்ன இழுக்கு?

இவற்றையெல்லாம் அவளிடம் சொன்னேன். அவள் பொறுப்பை ஏற்க இசைந்து, மூன்று வேண்டுகோள்களை எழுதிக் கொடுத்தாள். பயிற்சி நாட்களில் தன் வகுப்புக்கு மாற்று ஆசிரியர் வேண்டும். பிற ஆசிரியர்கள் சிலர் சிலராகத் தன் பள்ளிக்கே வந்து பாடம் நடப்பதைப் பார்க்க வேண்டும். அவர்களைப் பற்றி எழுத்தில் அறிக்கை தரச் சொல்லக் கூடாது.

இரண்டாவது வேண்டுகோளை ஏற்றுக்கொண்டார்கள். மூன்றாவதற்கு இதுவரை மறுமொழி இல்லை. மாற்று ஆசிரியர் வராத நாட்களில், ஊரில் படித்துவிட்டு வீட்டிலிருக்கும் பெண்ணொருத்தி வந்து பிள்ளைகளோடு அமர்கிறாள். அவ்விருவருள் ஒருவன் இப்போது தடையின்றிப் படிக்கிறான். மற்றவள் இன்னும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறாள்.