எல்லைக் கதியால்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பனையோலை வேலி அடைக்கக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். கதியால்களை நட்டு, குறுக்கே வரிச்சுத் தடி வைத்து, மிதித்துப் படியவைத்த ஓலைகளை நெருக்கமாக நிறுத்திய பிறகு, ஒருவர் குத்தூசியில் கயிற்றைக் கோத்து ஓலைக்குள்ளால் அந்தப் பக்கம் தள்ளுவார். அங்கே நிற்பவர் கயிற்றை வாங்கி, வரிச்சைச் சுற்றி எடுத்து, மறுபடி ஊசியில் கோத்து இந்தப் பக்கம் அனுப்புவார். இழுத்து முடிச்சுப் போட்டால்தான் வேலி இறுகும். அந்தப் பக்கம் என்பது அயலவருடைய வளவு. அங்கே ஆள் நிற்க அவருடைய சம்மதம் வேண்டும். அவரே வந்து நின்றால் இன்னும் சுகம். இரண்டு காணிகளைப் பிரிக்கும் பொருளை இரண்டு காணிகளிலும் கால் வைக்காமல் செய்ய முடியாது என்பது வேலைக்காரருக்குச் சாதாரண விஷயம். ஆனால் 'எனது' என்று ஒன்றைச் சொல்வது பாவமா, வாழ்வுக்குத் தேவையா என்று சமயங்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்விக்கு இந்தக் குத்தூசி வேலைக்குள் ஒரு நல்ல விடை இருக்கிறது என்பது என் கட்சி.

கேள்வியை அதன் கடுமையான வடிவிலேயே எடுத்துக்கொள்வோம். நான், எனது என்ற செருக்கு அறாதவரை விடுதலை இல்லை என்பதைத் திருக்குறளின் துறவு அதிகாரம் முதல் சைவ சாத்திரங்கள் வரை எல்லாமே சொல்கின்றன. அப்படியானால் வேலி என்பது ஆணவத்தைக் கதியால் போட்டு நட்டுவைத்ததுதானே? துறவிக்கு வளவு இல்லை, வேலியும் இல்லை. இல்லறத்தான் தன் பலவீனத்தால் அடைத்துக்கொள்கிறான், அவ்வளவுதான் என்று ஒருவர் வாதிடலாம். சைவ சித்தாந்தம் இவ்வளவு எளிதாகக் கணக்கை முடிப்பதில்லை. அது மலங்களை ஆணவம், கன்மம், மாயை என்று பிரித்து, மூன்றுக்கும் வேறு வேறு வேலை கொடுக்கிறது. ஆணவம் உயிரை இருளில் வைக்கிறது. மாயையும் மலம்தான், ஆனாலும் உயிருக்கு உடம்பையும் கருவிகளையும் உலகத்தையும் கொடுத்து, அந்த இருளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விழிக்க வைப்பது அதுவே. வண்ணார் உவர்மண்ணைப் போட்டு அழுக்கைப் போக்குவதை இதற்கு உவமையாகச் சொல்வது வழக்கம். உடம்பே ஓர் எல்லை. அந்த எல்லை இல்லாவிட்டால் இன்னொருவர் இருக்கிறார் என்பதே உயிருக்குத் தெரியவராது. வேலியையும் இந்த வரிசையில்தான் வைக்க வேண்டும். இருப்பது குற்றமில்லை, அது இரவல் என்பதை மறப்பதுதான் ஆணவம்.

குடாநாட்டுக் கரையில் சைவர் மட்டும் குடியிருக்கவில்லை. குருநகர், பாசையூர்க் கடற்றொழிலாளர்கள் கத்தோலிக்கர்; நகரத்தில் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக இருந்து, 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, பின்னர் சிலர் திரும்பி வந்தார்கள். இவர்களுடைய மறைநூல்களையும் கேட்டுப் பார்க்கலாம். இணைச்சட்ட நூலில் வரும் சாபங்களின் பட்டியலில், அயலானுடைய எல்லைக்கல்லைப் பெயர்ப்பவனுக்கு ஒரு சாபம் உண்டு. அதே கையோடு, லேவியர் நூல் நிலம் இறைவனுடையது, மனிதர் அதில் தங்கிப் போகிறவர்கள் என்கிறது. அநியாயமாக ஒரு சாண் நிலத்தைக் கவர்ந்தவனுடைய கழுத்தில் மறுமையில் ஏழு நிலங்கள் வளையமாக மாட்டப்படும் என்று நபிமொழி எச்சரிக்கிறது. தன் சுவரில் அயலவர் மரச்சட்டம் செருக வந்தால் தடுக்க வேண்டாம் என்று இன்னொரு நபிமொழியும் இருக்கிறது. என் வாதத்துக்கு மிகவும் பிடித்தது அதுதான். சுவர் உன்னுடையதாகவே இருக்கட்டும். ஆனாலும் அதில் அவருக்கும் ஒரு பாத்தியம் உண்டு என்கிறது. ஆக, எல்லை போடாதே என்று இவற்றில் எதுவும் சொல்லவில்லை. எல்லையை நகர்த்தாதே என்கின்றன. எல்லைக்கு உள்ளேயும் நீ குடியிருப்பவன்தான், உடையவன் இல்லை என்கின்றன.

நகர்த்துவது எப்படி நடக்கிறது என்று தெரியாமல் இந்தக் கண்டிப்பின் காரணம் விளங்காது. யாழ்ப்பாணத்தில் காணியைப் பரப்பில் அளக்கிறார்கள். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். பதினெட்டுக் குழி ஒரு பரப்பு. நூறு அடி நீளமான வேலியைப் புதிதாக அடைக்கும்போது, உக்கிய கதியாலைப் பிடுங்கிய குழியில் நடாமல் அரை அடி தள்ளி நட்டால் ஐம்பது சதுர அடி கைமாறிவிடும். அது ஒரு குழியில் மூன்றிலொரு பங்கு. ஒரே தடவையில் யாரும் இப்படிச் செய்வதில்லை. இந்த வருடம் நாலு விரல், அடுத்த முறை நாலு விரல். கதியால் பூவரசாகவோ கிளுவையாகவோ இருந்தால் அது துளிர்த்து, மரமாகி, தானே சாட்சியும் ஆகிவிடும். வேலிக்கு ஓணான் சாட்சி என்ற பழமொழி சும்மா பிறக்கவில்லை. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி, எதிர்ப்பில்லாமல் பத்து வருடம் தொடர்ந்து ஆண்டால் நிலம் ஆண்டவருக்கே உரித்தாகலாம். அதாவது, பக்கத்து வளவுக்காரர் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தால் களவு உரிமையாகிவிடும். அதனால்தான் வேலி அடைப்புக்கு அவர் வந்து நிற்பது வெறும் உபசாரம் இல்லை. ஒவ்வொரு அடைப்பிலும் அவர் இந்தக் கோட்டுக்கு 'ஓம்' சொல்கிறார், அல்லது அந்த இடத்திலேயே 'இல்லை' என்று சத்தம் போடுகிறார். ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் வைத்த தேசவழமையும் அயலவரை அந்நியராகப் பார்க்கவில்லை. காணியை விற்க நினைத்தால் உரித்தாளருக்கும் பங்காளிக்கும், அதை ஒற்றியாக வைத்திருக்கும் பக்கத்துக் காணிக்காரருக்கும் முதலில் அறிவிக்க வேண்டும் என்று அது விதித்தது.

இங்கே கடற்காற்றின் பங்கைச் சொல்லாமல் விட முடியாது. குடாநாட்டில் எந்த வளவுக்கும் கடல் அதிக தூரமில்லை. கிடுகு ஓரிரண்டு மாரிக்குள் உக்கிக் கறுக்கும். பனையோலை இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். முள்ளுக்கம்பியை உப்பு தின்னும். தகரம் ஆணி அடித்த ஓட்டையிலிருந்தே துருப்பிடித்துப் பரவும். கொங்கிறீற்றுத் தூணுக்குள்ளும் உப்பு இறங்கும். உள்ளே கம்பி துருவேறிப் பருத்ததும் சீமெந்து வெடித்து உதிரும். எதுவும் நிரந்தரமில்லை என்றாலும் இவற்றுக்குள் ஒரு வித்தியாசம் உண்டு. மதில் தன் அழிவை முப்பது நாற்பது வருடம் மறைத்து வைத்திருக்கும். ஓலை வேலி அதை வருடாவருடம் ஒத்துக்கொள்ளும். பழைய ஓலையை யாரும் வீசுவதில்லை. தோட்டத்தில் பசளையாகத் தாழ்ப்பார்கள். நேற்று எல்லையாக நின்றது இன்று புகையிலைக்கோ வெங்காயத்துக்கோ உரம். இரவல் பொருள் என்று சாத்திரம் சொல்வதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் பண்டம் வீட்டில் வேறு இல்லை. உக்கிப்போவதை நாம் ஓலை வேலியின் குறையாக எண்ணுகிறோம். எனக்கு அதுவே அதன் தகுதியாகப் படுகிறது. உக்காவிட்டால் திரும்ப அடைக்க வேண்டியதில்லை. திரும்ப அடைக்காவிட்டால் அயலவரைக் கூப்பிடவும் வேண்டியதில்லை.

இதெல்லாம் ஊரைப் பிரிந்திருப்பவரின் ஏக்கம், உண்மையில் யாழ்ப்பாணத்து நீதிமன்றங்களை நிரப்பியவை வேலிச் சண்டைகளே என்று எதிர்ப்பு வரும். சரிதான். சண்டை பொலிசு வரை போயிருக்கிறது, கத்தி வரைக்கும் போயிருக்கிறது. ஆனால் சண்டை வந்தது என்பதே இரண்டு பேரும் அங்கே நின்றார்கள் என்பதற்கு அத்தாட்சி. அவர்களுக்குள் தீராமல் இருந்ததை வேலி வெளியே கொண்டுவந்தது. இதைவிடக் கனமான எதிர்ப்பு இன்னொன்று: அந்த வேலிகளுக்குள்ளேதான் பெண்களை அடைத்து வைத்தார்கள், சாதி பார்த்துச் சிலரைப் படலைக்கு வெளியே நிறுத்தினார்கள். கிடுகு வேலிக் கலாசாரம் என்று விமர்சகர்கள் ஏளனமாகச் சொன்னது இதைத்தான். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்டவர்களைத் தடுத்து நின்றது ஓலையும் இல்லை, கதியாலும் இல்லை, மனிதர்கள். எந்த வேலியையும் பிரித்துப் போட்டு மறுபடி அடைக்கலாம். அந்த மனிதர்கள் தங்கள் வரிசையைப் பிரிக்கத் தயாராக இல்லை. என் அளவுகோலால் பார்த்தாலே அது ஆணவத்தின் எல்லை: மறுபக்கத்தாரின் சம்மதத்தை ஒருநாளும் கேளாத எல்லை.

என் வாதத்தை உண்மையில் இடறுவது வேறொரு எதிர்ப்பு. வருடாவருடம் பேசித் தீர்ப்பது சமபலம் உள்ள இரண்டு பேருக்குச் சரி. புருசன் இல்லாத பெண் ஒருத்திக்கும் ஆள்பலமுள்ள அயலானுக்கும் நடுவில் நிற்கும் வேலி என்ன ஆகும்? ஒவ்வொரு அடைப்பிலும் தோற்பவள் அவள்தான். இடம்பெயர்ந்து முகாமில் கிடந்தவருக்கு வேலியடியில் வந்து நிற்கவே வழி இல்லை. இந்த அநியாயத்தைச் சட்டமே பிற்பாடு கண்டுகொண்டது. 1983 மே முதல் 2009 மே வரை போரினால் தம் காணிக்கு வர முடியாதிருந்தவர்களுக்கு எதிராக அந்தப் பத்து வருடக் கணக்கை எண்ணக் கூடாது என்று 2016இல் தனிச்சட்டம் வந்தது. இங்கே என் வாதத்தை நான் திருத்திக்கொள்ள வேண்டும். நீதிமொழிகள் நூல் எல்லைக்கல்லைப் பற்றிப் பேசும் இடத்தில் அநாதைகளின் வயலைத் தனியாகக் குறிப்பிடுகிறது. காரணம் இல்லாமல் இல்லை. பலம் ஒரு பக்கமே இருக்கும் இடத்தில் அளவைப்படமும் சீமெந்தும்தான் அறம். அந்தப் பெண் மதில் கட்டினால் அதை ஆணவம் என்று சொல்ல யாருக்கும் வாய் கிடையாது. உக்கும் வேலியின் அறம் சமமானவர்களுக்குரியது. அந்தச் சமம் வராத இடத்தில் அதைப் புகழ்வது பலசாலிக்குக் குத்தூசி எடுத்துக் கொடுப்பதாகத்தான் முடியும்.

ஆனால் இன்று குடாநாட்டில் எழும் மதில்களில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவையா? வெளிநாட்டுக் காசில் ஏழடி உயரத்துக்குக் கல் அடுக்கி, மேலே கண்ணாடித் துண்டு பதிப்பவர்களில் பலருக்கு அயலவரால் ஒரு பயமும் இல்லை. ஓலை வெட்ட ஆள் இல்லை, கூலி கூடிவிட்டது, போரில் பனைகள் பதுங்குகுழிக்குப் போய்விட்டன என்று சொல்லும் காரணங்களெல்லாம் உண்மை. வருடாவருடம் ஓலைக்குச் செலவழிப்பதைவிட ஒரே தடவையில் கட்டிவிடுவது லாபம் என்பதும் சரி. கட்டுங்கள். நில அளவையாளர் வரும் நாளைப் பக்கத்து வளவுக்கு முதல்நாளே சொல்லிவிடுங்கள். அவர்கள் வந்து நிற்காமல் நூல் பிடிக்காதீர்கள். கனடாவிலோ சுவிசிலோ இருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பு போதும். பழைய வேலியில் கிணற்றடிப் பக்கமாக ஒரு பொட்டு இருந்திருக்கும். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் அதற்குள்ளால்தான் போய் வந்திருப்பார்கள். அந்த இடத்தில் இரண்டரை அடி விட்டுக் கட்டும்படி மேசனிடம் சொல்லுங்கள்.