தராசில் நிறை நில்லாத கோவணம்

பனியன் துணியோடு புழங்குகிறவர்கள் அமர்நீதி நாயனாரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அறுபத்துமூவரில் அவர் நம் தொழில்காரர். பழையாறையில் பொன்னும் மணியும் பட்டும் பருத்தியும் விற்ற வணிகர். சிவனடியார்களுக்குக் கீளும் கோவணமும் கொடுப்பதை விரதமாகக் கொண்டவர். ரசிகர்களுக்கான டி-ஷர்ட்டுகளை இணையத்தில் விற்கத் தொடங்கிய பிறகு, வியாபாரம் சொல்லிக்கொடுக்கிற எந்தப் புத்தகத்தையும்விட இவர் கதைதான் எனக்கு அதிகம் தேவைப்படுகிறது.

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருந்தவள் நான். சாம்பிள் அனுப்புவது, துணியின் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) பார்ப்பது, துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்று அளப்பது, பையரின் கேள்விகளுக்கு ராத்திரியில் பதில் எழுதுவது என்று போகும் வேலை. இப்போது வீட்டு மாடியில் சொந்தமாக ஒரு ஹீட் பிரஸ், நாலு அலமாரி, ஒரு போன். பயோ வாஷ் செய்த 180 ஜிஎஸ்எம் பருத்திச் சட்டை, விலை 449 ரூபாய், கூரியர் தனி. பாரதி, வேல், ஜல்லிக்கட்டுக் காளை, பழைய வால்வு ரேடியோ என்று, வாங்குகிறவர் நேசிக்கிற ஏதோ ஒன்று அவர் நெஞ்சில் இருக்கும்.

கடை தொடங்கிய நாட்களில் சித்தப்பா கேட்டார்: “மனசுக்குப் புடிச்சதை விலைக்குப் போட்டா, அது புடிச்சதாவே இருக்குமா கண்ணு?” நியாயமான கேள்விதான். பக்தியையோ ரசனையையோ காசாக்குவது பாவம் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் மதுரை புதுமண்டபத்துத் தையற்காரர்களை நினைத்துப் பாருங்கள். திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே தலைமுறை தலைமுறையாகத் தையல் மிஷின் ஓடியது. இப்போது கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. சித்திரைத் திருவிழா வந்துவிட்டால் கள்ளழகர் வேஷத்துக்கு உடுப்பும் குல்லாவும் சல்லடமும் அவர்கள் தைத்ததுதான். தண்ணீர் பீச்சப் போகிறவர் அதை வாங்கிப் போட்டுக்கொண்டு வைகைக்குப் போகிறார். தைத்தவர் கூலி வாங்கியதால் யாருடைய வேண்டுதலும் குறைந்துபோகவில்லை. துணிக்கும் தையலுக்கும்தான் அங்கே விலை. போட்டுக்கொள்கிறவர் மனசுக்கு யாரும் விலை சொல்லவில்லை. சித்தப்பாவிடம் இதைத்தான் சொன்னேன். விற்பதில் பாவம் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

என்னை விடாமல் பிடித்துக்கொண்டது வேறு கேள்வி. நான் நேசிக்கிறேன் என்பதாலேயே ஒன்று எனக்கு உரியதாகிவிடுமா?

இன்றைக்கு ஒரு படத்தைத் துணியில் ஏற்றுவது மிகச் சுலபம். டிடிஎஃப் ஃபிலிமில் அச்சாகி வருகிற முகத்தைச் சட்டைமேல் வைத்து, 160 டிகிரி சூட்டில் 15 விநாடி அழுத்தி ஃபிலிமை உரித்தால், மீசையின் ஒற்றை முடிகூடத் துணியில் நிற்கும். எனக்கு ஃபிலிம் அடித்துத் தருகிற அண்ணன் ரொம்ப நல்லவர். ஒரு நடிகரின் முகம் கேட்டு மொத்தமாக வந்த ஆர்டரை நான் வேண்டாமென்றபோது அவருக்குத் தாங்கவில்லை. “படம் நெட்லயே கெடக்குதுங்க அம்மணி. நம்ம தலைவர் படத்த நாம போடறதுக்கு யாரு வந்து கேக்கப் போறாங்க?” என்றார். அவர் சொன்னதில் என்னை யோசிக்க வைத்தது “நம்ம தலைவர்” என்பதுதான். அதில் பொய் இல்லை. முதல் நாள் முதல் காட்சிக்கு விடியுமுன்னே வரிசையில் நின்றவருக்கு அந்த உரிமை உணர்வு வரத்தான் செய்யும். பக்தியிலும் அப்படித்தான், என் முருகன், என் கண்ணன் என்றுதானே சொல்கிறோம்.

ஆனால் அன்பினால் சொல்கிற ‘என்’ வேறு, அதே பொருளைக் கல்லாவில் வைத்து விற்கிறவர் சொல்கிற ‘என்’ வேறு. இரண்டும் ஒன்றாகிவிடுகிற இடத்தில்தான் அமர்நீதியார் கதை நடக்கிறது.

சேக்கிழார் பெரிய புராணத்தில் சொல்வதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருநல்லூரில் அமர்நீதியாரின் மடத்துக்கு ஒரு பிரம்மச்சாரி வருகிறார். கையில் தண்டு, அதில் கட்டிய இரண்டு கோவணம். ஒன்றைக் கொடுத்து, பத்திரமாக வைத்திரு, குளித்துவிட்டு வருகிறேன் என்கிறார். திரும்பி வந்து கேட்டால் வைத்த இடத்தில் அது இல்லை. வேறு புதிது தருகிறேன் என்று அமர்நீதியார் கெஞ்சினாலும் வந்தவர் ஒப்பவில்லை. தண்டில் மீதியிருந்த கோவணத்தைத் தராசில் வைத்து, இதற்கு நிறை கொடு என்கிறார். அமர்நீதியார் தன்னிடமிருந்த கோவணங்களை ஏற்றுகிறார், நிற்கவில்லை. பட்டு ஏற்றுகிறார், பொன் ஏற்றுகிறார், தட்டு அசையவில்லை. கடைசியில் மனைவியோடும் மகனோடும் தானே ஏறி நின்றபோதுதான் தராசு நேராகிறது.

வேதமே அந்தக் கோவணம் என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள். துணி விற்கிறவளாக எனக்குப் படுவது இன்னொன்று. அது போன்ற கோவணம் அவர் கடையிலேயே மூட்டை மூட்டையாக இருந்திருக்கும். விலை என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனாலும் அது இன்னொருவர் நம்பிக் கொடுத்த பொருள். அதன் மதிப்பை வைத்திருந்தவர் முடிவு செய்ய முடியாது, கொடுத்தவர்தான் சொல்ல வேண்டும். அமர்நீதியாரைவிடப் பெரிய அடியார் யார்? அவருடைய அன்பைக்கூட இந்தக் கணக்கில் கழித்துக்கொள்ளவில்லை.

ஒரு முகமும், ஒருவர் படைத்த கதாபாத்திரமும், ஒரு ஓவியரின் கோடும் நம்மிடம் இப்படித்தான் வந்து சேர்கின்றன. பார்க்கவும் ரசிக்கவும் நம்பி வெளியே விடப்பட்டவை அவை. விற்க வேண்டுமானால் உடையவரைக் கேட்டாக வேண்டும். 

இதற்கு எதிராக ஆண்டாளைச் சொல்லலாம். ஒரு வாடிக்கையாளர் சொல்லவும் செய்தார். பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் சூடிப் பார்த்தவள் யாரைக் கேட்டாள்? உண்மைதான், கேட்கவில்லை. பெரியாழ்வார் பதறிப்போய் வேறு மாலை கட்டினார். சூடிய மாலைதான் வேண்டும் என்று பெருமாள் கேட்டதால் அது மகிமையானது. இன்றும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிய மாலை அழகருக்கும் திருப்பதிக்கும் போகிறது. அங்கேயும் சம்மதம் சொன்னவர் உடையவர்தான். அவள் அந்த மாலையைத் தெருவில் விற்கவும் இல்லை.

பாரதி விஷயத்தில் இது இன்னும் நுட்பமாகிறது. 1921-இல் அவர் மறைந்த பிறகு அவர் எழுத்துகளின் உரிமை கை மாறியது. பாட்டை எந்தப் படத்தில் யார் சேர்ப்பது என்று வழக்கு வரைக்கும் போனது. 1949-இல் சென்னை மாகாண அரசு அந்த உரிமையை வாங்கி, பிறகு மக்களுக்கே பொதுவாக்கியது. ஆகவே பாரதியின் எழுத்தை நான் சட்டையில் போட எவரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அந்த முகம்? முண்டாசும் கூர்ந்த கண்ணுமாக நம் மனதில் பதிந்த வண்ணப் பாரதி, ஓவியர் ஆர்யா தீட்டியது. 1932 ஜனவரி 26-இல் ஜார்ஜ் கோட்டைக் கொடிமரத்தில் ஏறி மூவண்ணக் கொடியைப் பறக்கவிட்ட அதே ஆர்யா என்கிற பாஷ்யம். நம் சட்டப்படி ஓவியத்தின் உரிமை, ஓவியர் மறைந்து 60 ஆண்டுவரை நீள்கிறது. பாரதி எல்லோருக்கும் பொது என்று நினைத்துக்கொண்டு எத்தனை பேர் ஆர்யாவின் உழைப்பை அச்சடித்துக்கொண்டிருக்கிறோம்! என் கடையில் இருப்பது, பாரதியின் பழைய புகைப்படங்களைப் பார்த்து நானே பேனாவால் போட்ட கோட்டோவியம். ஆர்யாவின் கம்பீரம் அதில் இல்லைதான். இருந்தாலும் அது என் கை.

தெய்வத்துக்கும் இதே கணக்கு. ராமாயணம் என்ற பெயரை ஊதுவத்திக்கு வணிகச் சின்னமாக ஒருவரே வைத்துக்கொள்ள முடியாது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முருகன் யாருக்கும் தனிச்சொத்து இல்லை. ஆனால் கோவில்பட்டியில் இருந்து கொண்டையராஜு தீட்டிய முருகன், கொண்டையராஜுவின் உழைப்பு.

உயிரோடு இருக்கிற நட்சத்திரங்களைப் பற்றி நீதிமன்றங்கள் தெளிவாகவே பேசியிருக்கின்றன. பாடகர் தலேர் மெஹந்தியைப் போலவே செய்து, அவர் பாட்டையே பாட வைத்து விற்ற பொம்மைகளை 2010-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தடுத்தது. 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம், ரஜினிகாந்த்தின் பெயரையும் பாணியையும் அவர் அனுமதியின்றி ஒரு இந்திப் படம் பயன்படுத்துவதற்குத் தடை போட்டது. டெல்லித் தீர்ப்பிலேயே இன்னொன்றும் இருக்கிறது: கேலிச்சித்திரம், பகடி போன்றவற்றைக்கூட நெரித்துவிடும் அளவுக்கு இந்த உரிமையை நீட்டக்கூடாது என்கிறது. இரண்டையும் நான் மதிக்கிறேன். ஆனாலும் மாட்டிக்கொள்வோமா மாட்டோமா என்பது என் கேள்வியே இல்லை. பிரம்மச்சாரி ஊர்க்காவலரை அழைத்துக்கொண்டு வரவில்லை, தராசைத்தான் கேட்டார்.

வாங்குகிறவர் பக்கமும் ஒரு அடைக்கலப் பொருள் இருக்கிறது: அவருடைய அன்பு. நெஞ்சில் தனக்குப் பிடித்தது இருந்தால் அவர் தையலைப் பார்க்க மாட்டார், துணியைத் தடவிப் பார்க்க மாட்டார். இது தெரிந்துதான் பட வெளியீட்டு நேரத்தில் மெல்லிசான, கண்ணுக்கு மட்டும் வெள்ளையான துணியில் அடித்துத் தள்ளுகிறார்கள். இரண்டு துவையலில் கழுத்து தொங்கிவிடும், முகம் கன்னத்தில் விரிசல் விடும். சாதாரண வெள்ளைச் சட்டையில் இந்த வேலை செல்லாது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைக்காமலும் விற்றார்கள் என்று பட்டினப்பாலை காட்டுகிறது. ரசிகனிடம் அந்த நேர்மை இரண்டு மடங்கு வேண்டும், அவன் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறவன். ஏற்றுமதிக்கு அனுப்பிய காலத்தில் பார்த்த அதே சோதனையை இந்த 449 ரூபாய்ச் சட்டைக்கும் பார்க்கிறேன்: துவைத்து, இரண்டு கையால் இழுத்து, வெயிலில் உலர்த்தி, அச்சின் ஓரத்தை நகத்தால் சுரண்டி.

கடவுளின் முகத்தை நான் சட்டையில் போடுவதே இல்லை. கேட்கிறவர்கள் நிறையப் பேர். எந்தப் பனியனும் கடைசியில் கரித்துணியாகும். தோசைக்கல் இறக்கவும் வண்டி துடைக்கவும் போகும். மங்கிப்போன சாமி படத்தைக் குப்பையில் போட மனமில்லாமல் கண்ணாடிச் சட்டத்தோடு அரசமரத்தடியில் கொண்டுபோய் வைக்கிற ஊர் இது. சட்டைக்கு அப்படி ஒரு மரத்தடி கிடையாது. முருகனின் வேல் ஒன்றை மட்டும், அதுவும் நெஞ்சுப் பக்கம் சின்னதாகப் போடுகிறேன். துவைக்கும்போது உள்பக்கம் திருப்பிப் போடச் சொல்லிச் சீட்டு வைக்கிறேன். இதிலும் எனக்கு முழு நிம்மதி இல்லை. முகத்துக்கு நான் சொல்கிற காரணம் வேலுக்கும் பொருந்தத்தானே செய்கிறது?

அனுமதி கேட்பது பெரிய நிறுவனங்களால் மட்டும் ஆகிற காரியம் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். ஜப்பானில் வொண்டர் ஃபெஸ்டிவல் என்று ஒரு பொம்மைச் சந்தை நடக்கிறது. ரசிகர்கள் கையால் செய்த உருவங்களை விற்க, கதாபாத்திரத்தின் உரிமையாளர்களே அந்த ஒரு நாளுக்கு மட்டும் உரிமம் தருகிறார்கள். கேட்கிற வழக்கமும் கொடுக்கிற வழக்கமும் சேர்ந்தால் சிறு கடைக்காரனும் தலை நிமிர்ந்து விற்கலாம். நம் பட நிறுவனங்களும் பதிப்பகங்களும் இப்படி ஒரு வழியைத் திறந்துவிட வேண்டும்.

நான் கடிதம் எழுதிக் கேட்டவர்களில் பாதிப் பேர் பதில் போடவில்லை. அந்த டிசைன்கள் வரவில்லை. ஒரு சித்திரக் கதை ஓவியர் மட்டும் மறுநாளே போனில் கூப்பிட்டு, என் பேரை எங்கேயாவது போடுவியாம்மா என்று கேட்டார். கழுத்து லேபிளில் அவர் பெயர் இருக்கிறது. விற்கிற ஒவ்வொரு சட்டைக்கும் 40 ரூபாய் அவர் கணக்குக்குப் போகிறது.

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பி தங்கைகளே, ஹீட் பிரஸ் வாங்குமுன் அந்தக் கடிதத்தை எழுதிவிடுங்கள். பதில் வரும்வரை பாரதியின் எழுத்து முழுவதும் நமக்காகத் திறந்தே இருக்கிறது, அதிலிருந்து தொடங்குங்கள்.