பேரைக் காப்பாத்த வேண்டியது யாரு?

சத்யேந்திர துபேயைத் தெரியுமா? தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் இன்ஜினியர். தங்க நாற்கரச் சாலை வேலையில் நடந்த முறைகேடுகளை 2002-ல் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தன் பேரை ரகசியமா வைக்கச் சொல்லியும் கேட்டிருந்தார். கடிதம் பேரோடயே மேஜை மேஜையாப் போச்சு. 2003 நவம்பர் 27, கயாவில் அவரைச் சுட்டுக் கொன்னுட்டாங்க. வழிப்பறின்னு சிபிஐ சொன்னது. இருக்கட்டும், பேரை மறைக்காம அனுப்பினது சரியாகிடுமா?

தப்பை வெளியே சொல்றவரோட தைரியத்தைப் பத்தியே பேசறோம். காது கொடுத்துக் கேட்டவருக்கும் கடமை இருக்கே! எனக்கே இது லேட்டாத்தான் புரிஞ்சுது. ஆபீஸ்ல ஒரு தம்பி, போலி பில் விஷயத்தை என்னை நம்பிச் சொன்னான். நல்லெண்ணத்துலதான் மேலே சொன்னேன், அவன் பேரையும் சேர்த்து. மறுவாரமே அவனை வேற செக்‌ஷனுக்கு மாத்திட்டாங்க. கேன்டீன்ல பார்த்தா இப்பவும் "அண்ணே"ன்னுதான் கூப்பிடறான்.