நாற்பதாவது பந்தை நம்பலாமா?

கோல்ஃப் பழகுகிறவர்கள் ஸ்விங்கைத் திருத்திக்கொள்ளப் போகும் இடம் டிரைவிங் ரேஞ்ச். காலுக்குக் கீழே செயற்கைப் புல் பாய், பக்கத்தில் ஒரு கூடை நிறையப் பந்துகள், எதிரே தூரத்தில் ஒரு கொடி. ஒரே மட்டையை எடுத்து, அந்த ஒரே கொடியைப் பார்த்து, ஐம்பது அறுபது பந்துகளை அடுத்தடுத்து அடிப்பார்கள். முதல் பத்துப் பந்து தாறுமாறாகப் போகும். நாற்பதாவது பந்து வரும்போது கை வாகாகி, பந்து நேராகப் பறக்கும். ஸ்விங் படிந்துவிட்டது என்ற நிறைவோடு வீட்டுக்குப் போவார்கள். மறுவாரம் மைதானத்தில் இறங்கினால் அந்த ஸ்விங்கைக் காணோம்! பதற்றம் என்பார்கள், நேரம் சரியில்லை என்பார்கள். பயிற்சி செய்த முறையிலேயே காரணம் இருக்கிறது என்பது என் கருத்து.

மைதானத்தில் ஆட்டம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். 18 குழிகள், பையில் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். டிரைவரால் ஓங்கி ஓர் அடி, சில நிமிட நடை, பிறகு அயர்னால் ஓர் அடி, மறுபடி நடை, குழியை நெருங்கியதும் வெட்ஜ். ஒரே அடியை அடுத்தடுத்து இரண்டு முறை அடிக்கும் சந்தர்ப்பம் மிக அரிது. ரேஞ்சிலோ, போன பந்தை அடித்த உணர்வு கையில் ஆறுவதற்குள் அடுத்த பந்து வந்துவிடுகிறது. தூரத்தைக் கணித்து, மட்டையைத் தேர்ந்து, காலை நிறுத்தி, குறி பார்க்கும் வேலையெல்லாம் முதல் பந்தோடு முடிந்துவிடும். மற்றவை அதன் நகல்கள். போதாக்குறைக்கு அந்தப் பாயும் பிழையை மறைக்கிறது. பந்துக்குச் சற்றுப் பின்னால் தரையில் பட்ட மட்டை, பாயில் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை அடித்துவிடும். புல்தரையில் அதே அடி மண்ணைத்தான் பெயர்க்கும்.

ஒரே அடியை நகலெடுக்கும் பயிற்சி நிலைக்காது என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. 1979-இல் ஜான் ஷே, ராபின் மோர்கன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், சிறு தடுப்புகளைக் குறித்த வரிசையில் கையால் வேகமாகத் தட்டிவிடும் மூன்று வகைப் பயிற்சிகளைக் கொடுத்தார்கள். ஒரு வகையை முடித்த பிறகே அடுத்ததைத் தொட்டது ஒரு குழு. மூன்றையும் கலந்து பழகியது மற்றொன்று. பயிற்சியின்போது முதல் குழுவே வேகமாக இருந்தது. பத்து நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்கள் முந்தினார்கள். 1994-இல் வெளியான ஓர் ஆய்வு இதைப் பேஸ்பால் களத்துக்கே கொண்டுபோனது. கல்லூரி ஆட்டக்காரர்கள் ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு 45 பந்துகளைக் கூடுதலாகச் சந்தித்தார்கள். மூன்று வகைப் பந்துவீச்சை வகைக்குப் பதினைந்தாக வரிசையில் ஆடியவர்கள், பந்துகள் கலந்து வந்த சோதனையில் 25 சதவீதம் முன்னேறினார்கள். கலந்து ஆடியவர்கள் 57 சதவீதம். கலந்து பழகும்போது ஒவ்வொரு முறையும் செய்முறையை மனம் புதிதாகத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தேடலில்தான் கற்றது ஊன்றுகிறது.

மறுப்பவர்களுக்கும் நியாயம் இருக்கிறது. மட்டையை இப்போதுதான் பிடிக்கக் கற்கும் ஒருவருக்கு ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிப்பது தேவைதான். அசைவே பிடிபடாதபோது எதைக் கலப்பது? ஆய்வுக்கூடத்தில் தெரிந்த அளவு பலன் ஆடுகளத்தில் எப்போதும் கிடைப்பதில்லை என்பதும் உண்மை. இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. பென் ஹோகனும் விஜய் சிங்கும் ரேஞ்சில் மணிக்கணக்கில் பந்தடித்தே உயர்ந்தவர்கள் ஆயிற்றே? ஹோகன் 1949-இல் கார் விபத்தில் உடல் நொறுங்கி, மறு ஆண்டே அமெரிக்க ஓப்பனை வென்றவர். ஃபிஜியில் பிறந்த இந்திய வம்சாவளியினரான விஜய் சிங், 41 வயதில், 2004-இல், உலகின் முதல் இடத்தைப் பிடித்தவர். ஆனால் அவர்களுக்கு ரேஞ்சுக்கு வெளியே போட்டி ஆட்டங்கள் ஓயாமல் இருந்தன. கலந்து பழகும் பயிற்சியை அந்த மைதானங்களே கொடுத்தன. மாதத்தில் ஓரிரு முறை மட்டும் மைதானத்தைப் பார்ப்பவருக்கு அந்த வாய்ப்பு ஏது? அவர் தன் கூடைக்குள்ளேயேதான் மைதானத்தைக் கொண்டுவர வேண்டும்.

அது கடினமும் இல்லை. ஐம்பது பந்தில் முதல் பதினைந்தை, திருத்த நினைக்கும் ஒரு குறைக்கு ஒதுக்கலாம். மிச்சத்தில், பழகிய மைதானம் ஒன்றை மனத்தில் விரித்து அதன் முதல் குழியிலிருந்து ஆடிப் பார்க்கலாம்: டிரைவர், அடுத்து அயர்ன், அடுத்து வெட்ஜ், பந்துக்குப் பந்து வேறு குறி. ஒவ்வொரு பந்துக்கும் பாயை விட்டு விலகி, பின்னால் நின்று குறி பார்த்துவிட்டு வர வேண்டும். நிறையப் பந்து தவறும். கூடை காலியாகும்போது ஒன்றும் படியவில்லை என்றுகூடத் தோன்றும். அதை வைத்து அளக்க வேண்டாம். மறுமுறை போகும்போது, உடம்பு இளகச் சில வெற்று ஸ்விங்குகள் போட்டுவிட்டு, முதல் மூன்று பந்துகள் எங்கே விழுகின்றன என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.