26 ஆல் வகுத்த கடன்

ஆஸ்திரேலியாவில் உதவித்தொகை பெற்றவர்களுக்கு 2016 முதல் 'கூடுதலாக வாங்கிய உதவியைத் திருப்பித் தாருங்கள்' என்று கணினியே கடன் கடிதம் அனுப்பியது. கணக்கு எளிது: வரித்துறையில் பதிவான ஆண்டு வருமானத்தை 26 ஆல் வகுத்து, இரண்டு வாரத்துக்கு இவ்வளவு என்று போட்டுவிடும். நாலு மாதம் வேலை பார்த்துவிட்டு, வேலையில்லாத மாதங்களில் உதவி வாங்கியவர்கூட வருஷம் முழுக்கச் சம்பாதித்தவராகிவிட்டார். முன்பு ஓர் அலுவலர் முதலாளியிடம் கேட்டுச் சரிபார்ப்பார்; செலவு மிச்சம் என்று அந்த வேலையைத்தான் எடுத்துவிட்டார்கள். 'தப்பென்றால் நீங்களே நிரூபியுங்கள்' என்பது ஏழையின் தலையில் விழுந்தது. பல வருஷத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டை யார் பத்திரப்படுத்துகிறார்கள்? (அமைச்சர்கள் வைத்திருப்பார்களோ என்னவோ.) கடிதம் போகும் முன் சரிபார்க்காமல், போன பிறகு புகார் கேட்க ஆள் வைப்பது மேற்பார்வையே அல்ல. கடைசியில், 2020இல், சுமார் 4,70,000 கடன்களுக்காக வசூலித்த பணத்தைத் திருப்பித் தருவதாக அரசு அறிவித்தது.